தன்னார்வலர் நடத்தும் சுற்றுலா: பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

ஒரு பழைய நகரத்தின் தெருக்களைச் சுற்றிக் காட்ட வழிகாட்டி ஒருவர் வருகிறார். இரண்டு மணி நேரம் அவர் பின்னால் நடக்கிறோம், ஊர்க்கதை கேட்கிறோம், கட்டணம் கொடுக்கிறோம். ஆனால் அந்த வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், வார நாட்களில் வங்கியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். கட்டணத்தில் செலவு போக மிஞ்சுவது அந்த வட்டாரத்தில் வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ போகிறது. சிறிய தொண்டு அமைப்பு ஒன்று, ஊர்க்காரர்களின் ஓய்வு நேரத்தை முதலாகப் போட்டு, சுற்றுலாவிலிருந்து பிள்ளைகளுக்குப் பணம் திரட்டும் முறை இது.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘சுற்றுலா மூலம் பிள்ளைகளுக்கு உதவுகிறோம்’ என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிலர் பிள்ளைகளையே சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். சிலர் மற்றவர்களுக்குச் சுற்றுலா நடத்தி, வரும் காசைப் பிள்ளைகளுக்குச் செலவிடுகிறார்கள். சிலர் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சுற்றுலாத் தொழிலில் பயிற்சியும் வேலையும் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர், பிள்ளைகள் வாழும் இடத்துக்கே பயணிகளைக் கூட்டி வருகிறார்கள். முதல் மூன்றிலும் நன்றாக நடப்பதும் உண்டு, சுமாராக நடப்பதும் உண்டு. கடைசியாகச் சொன்னதைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளே பயணிகளாக

இது வெகுகாலமாக நடப்பது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பாதிரியாராக இருந்த ஹெர்மன் வால்டர் பியோன், 1876இல் நகரத்து ஏழைப் பிள்ளைகளை விடுமுறைக்கு அப்பென்ஸெல் மலைப்பகுதிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற இன்னொரு பாதிரியார், நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைத் தாம் பணியாற்றிய பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூருக்கு வரவழைத்தார். ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் பிறகு ‘ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட்’ என்ற அமைப்பாக வளர்ந்து இன்றுவரை நடக்கிறது. பெயரே சொல்வதுபோல, அன்றைய நோக்கம் நல்ல காற்று. புகையும் நெரிசலும் நோயும் நிறைந்த நகரத்திலிருந்து சில நாட்களாவது பிள்ளைகளை வெளியே எடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

இதற்குப் பெரிய பணமோ பெரிய அமைப்போ வேண்டும் என்பதில்லை. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் 1928இல் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். தாங்கள் தினமும் ஓட்டும் அதே வண்டிகளை அலங்கரித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சவுத்எண்ட் கடற்கரைக்கு அணிவகுத்துப் போவது அவர்களின் வழக்கம். வண்டி கையில் இருக்கிறது, வழி தெரியும், ஓட்டத் தெரியும். ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தனக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலைக் கொடுக்கும் தன்னார்வலரை விடப் பயனுள்ளவர் இந்தத் துறையில் இல்லை என்பேன்.

சரி, ஒரு நாள் கடற்கரைக்குப் போய் வந்தால் ஏழ்மை போய்விடுமா? போகாது. அப்படி யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வும் பிள்ளைகளின் உரிமை என்று 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாத் தேவையும் தீர்ந்த பிறகு கடைசியில் கிடைக்கும் சலுகையாக அதை வைக்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் ‘விடுமுறையில் எங்கே போனீர்கள்’ என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் சின்ன விஷயமில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஒரு நாள் பயணம் பாட்டும் கும்மாளமுமாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் காகித வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையெழுத்து வேண்டும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எது சாப்பிட்டால் ஒவ்வாது, யாருக்கு மதியம் மாத்திரை என்ற பட்டியல் குழுத் தலைவரின் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள். அதில் அமைப்பின் தொலைபேசி எண் இருக்கும், பிள்ளையின் பெயர் இருக்காது. பெயர் வெளியே தெரிந்தால், கூட்டத்தில் யாரோ ஒருவர் தெரிந்தவர்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட முடியும். பேருந்தில் ஏறும்போது ஒரு தலை எண்ணிக்கை, இறங்கும்போது ஒன்று, கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது இன்னொன்று. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது; எப்போதும் இரண்டு பெரியவர்கள், அல்லது மற்றவர்கள் கண்ணில் படும் இடம். இது தன்னார்வலர் மேல் சந்தேகப்பட்டுப் போட்ட விதி இல்லை. அவருக்கும் இதுவே பாதுகாப்பு.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் சட்டை கொடுப்பது கூட்டத்தில் அடையாளம் காண வசதிதான். ஆனால் அதன் முதுகில் நன்கொடையாளரின் பெயரையும் ‘ஆதரவற்ற குழந்தைகளுக்கான இன்பச் சுற்றுலா’ என்ற வாசகத்தையும் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கலந்து விளையாடத்தான் கூட்டிப் போகிறோம், பிறகு முதுகில் முத்திரை எதற்கு?

சுற்றுலா நடத்தித் திரட்டும் பணம்

இரண்டாவது வகையில் பிள்ளைகள் கண்ணில் படவே மாட்டார்கள். அதுதான் அதன் அழகு. பயணி கோட்டையைப் பார்க்கிறார், படகில் போகிறார், பழைய ரயிலில் ஏறுகிறார். காசு வேறு பக்கம் போகிறது.

தன்னார்வலர்களால் இதையெல்லாம் ஒழுங்காக நடத்த முடியுமா என்ற கேள்வி எழும். முடியும் என்பதற்கு வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்பாதை சாட்சி. கற்பலகைச் சுரங்கத்துக்காகப் போட்ட அந்தக் குறுகிய பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது ஆர்வலர்கள் கூடி எடுத்துக்கொண்டார்கள். 1951 முதல் அவர்களே ஓட்டுகிறார்கள். தன்னார்வலர்கள் பாதுகாத்து இயக்கிய உலகின் முதல் ரயில்பாதை அது. நீராவி எஞ்சினை ஓட்டுவது, தண்டவாளம் பராமரிப்பது, டிக்கெட் கிழிப்பது என எல்லாவற்றிலும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அது பிள்ளைகளுக்கான தொண்டு இல்லை, பாரம்பரியப் பாதுகாப்பு. ஆனால் சம்பளம் வாங்காதவர்களிடமும் பயிற்சியும் கால ஒழுங்கும் பாதுகாப்பும் எதிர்பார்க்கலாம் என்பதை அது காட்டிவிட்டது.

பிரிட்டனின் கால்வாய்களில் ஓடும் சமூகப் படகுகள் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கம். ஒரு தொண்டு அமைப்பு ஒரு படகை வைத்திருக்கும். சில நாட்களில் பொதுமக்களுக்குக் கட்டணப் பயணம். மற்ற நாட்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கோ வசதியில்லாத பள்ளிக் குழுக்களுக்கோ இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் அதே படகு. முந்தைய வருமானத்தில் பிந்தையது ஓடுகிறது. இந்தப் படகுகளில் பலவும் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. இடப் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. பிரிட்டனில் 12 பேருக்கு மேல் ஏற்றினால் அது சட்டப்படி பயணிகள் கப்பல் என்ற வகைக்குப் போய்விடும்; ஆய்வும் சான்றிதழும் செலவும் பல மடங்காகும். இந்தத் துறையில் எத்தனை பேரை ஏற்றுவது, எத்தனை நாள் நடத்துவது போன்ற முடிவுகளில் பாதியைச் சட்டம்தான் எடுக்கிறது.

ஆஸ்திரேலியாவில் வேறு விதம். வெரைட்டி என்ற குழந்தைகள் தொண்டு அமைப்புக்காகப் பழைய கார்களில் உட்பகுதிகளுக்கு நெடும்பயணம் போகிறார்கள். தொழிலதிபர் டிக் ஸ்மித் 1985இல் போர்க் என்ற ஊரிலிருந்து பர்க்டவுன் வரை நடத்திய பயணம்தான் தொடக்கம். யார் முதலில் வருகிறார் என்ற போட்டி இல்லை. கலந்துகொள்பவர் தன் பயணச் செலவையும் பார்த்துக்கொண்டு, நன்கொடையும் திரட்டித் தர வேண்டும். வெரைட்டியின் தொடக்கக் கதையும் சுவையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கேளிக்கைத் துறையைச் சேர்ந்த சிலர் 1927இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1928 கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் ஒரு திரையரங்கில் யாரோ பச்சைக் குழந்தை ஒன்றை விட்டுச் சென்றுவிட, சங்கத்தார் அதன் வளர்ப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். பொழுதுபோக்குச் சங்கம் குழந்தைகள் தொண்டு அமைப்பானது அப்படித்தான்.

பணக் கணக்குக்கு வருவோம். நகர நடை ஒன்றில் 100 பங்கு பணம் வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, கணக்கின் போக்கு உண்மை. காப்பீட்டுக்கும் உரிமத்துக்கும் 20 போகும். முன்பதிவுத் தளத்தின் கமிஷனும் வங்கிக் கட்டணமும் 15. துண்டறிக்கை, ஒலிபெருக்கி, முதலுதவிப் பெட்டி என்று 10. தன்னார்வலர்களின் போக்குவரத்துச் செலவு 10. மிச்சம் 45. வழிகாட்டிக்குச் சம்பளமாக 35 கொடுத்திருந்தால் மிச்சம் வெறும் 10தான். தன்னார்வ உழைப்பு என்ன செய்கிறது என்பது இந்த இடத்தில்தான் தெரியும்: அது செலவை இல்லாமல் ஆக்குவதில்லை, மிச்சத்தைப் பெரிதாக்குகிறது.

தன்னார்வலர் என்றால் இலவசம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போவதற்குக் காரணமும் இதுவே. பயிற்சி கொடுக்க வேண்டும். யார் எந்த நாள் வருகிறார் என்ற அட்டவணை போட வேண்டும். ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் மாற்று ஆள் வேண்டும். கொஞ்சம் வளர்ந்த அமைப்புகள் இந்த ஒருங்கிணைப்புக்கு மட்டும் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்கின்றன. ‘ஒரு காசு கூட நிர்வாகத்துக்கு இல்லை, முழுவதும் பிள்ளைகளுக்கே’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கும். அந்தச் செலவை யாரோ ஒருவர் தாங்குகிறார், அவர் எத்தனை நாள் தாங்குவார்?

உள்ளூர் வழிகாட்டிகளின் பிழைப்பையும் யோசிக்க வேண்டும். வழிகாட்டித் தொழிலை நம்பியே வாழும் ஊர்க்காரர்கள் இருக்கும் இடத்தில், சம்பளம் வேண்டாம் என்று ஒரு கூட்டம் வந்து குறைந்த கட்டணத்தில் அதே கோபுரத்தையும் அதே அருங்காட்சியகத்தையும் காட்டினால் அவர்கள் வருமானம் போகும். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ அமைப்பு இதை வேறு வழியில் கையாண்டது. அவர்களின் தன்னார்வலர்கள் தாங்கள் வாழும் அல்லது நேசிக்கும் குடியிருப்புப் பகுதியை, சிறு குழுவுக்கு, நண்பரைக் கூட்டிப்போவதுபோலக் காட்டுகிறார்கள். டிப்ஸ் வாங்குவதில்லை. தொழில்முறை வழிகாட்டி போகாத தெருவில் நடப்பதால் மோதல் குறைவு. பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டும் அமைப்பும் இந்த உத்தியை எடுத்துக்கொள்ளலாம்: ஏற்கெனவே விற்கப்படும் பாதையை விட்டுவிட்டு, யாரும் காட்டாத ஒன்றைக் காட்டுவது.

வளர்ந்த பிள்ளைகளே தொழிலில்

டெல்லியின் சலாம் பாலக் டிரஸ்ட் 1988இல், ஒரு திரைப்படத்தின் வருமானத்தைக் கொண்டு, தெருவில் வாழும் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. புது டெல்லி ரயில் நிலையத்தையும் பஹாட்கஞ்ச் பகுதியையும் ஒட்டி அவர்கள் ஒரு நகர நடை நடத்துகிறார்கள். வழிகாட்டிகள் ஒரு காலத்தில் அதே தெருக்களில் வாழ்ந்து, அமைப்பின் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்கள். கம்போடியாவின் பாட்டம்பாங்கில் 1994இல் தொடங்கிய ஃபேர் பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளி, அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தங்கள் ஓவிய ஆசிரியையோடு சேர்ந்து உருவாக்கியது. அங்கே பயின்றவர்கள் 2013 முதல் சியெம் ரீப் நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு சர்க்கஸ் நடத்துகிறார்கள். வியட்நாமின் ஹனோயில் 1999இல் தொடங்கிய ‘கோட்டோ’, வசதியில்லாத இளைஞர்களுக்கு உணவகத் தொழில் கற்றுக்கொடுக்கிறது.

இவை முழுக்கத் தன்னார்வலரால் நடப்பவை அல்ல. ஆனால் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இங்கே இளைஞர் தன் திறமைக்குச் சம்பளம் வாங்குகிறார். சர்க்கஸ் நன்றாக இருப்பதால் டிக்கெட் வாங்குகிறோம், பரிதாபத்தால் இல்லை. டெல்லி மாதிரி நடைகளில் ஒரு நுட்பமான கேள்வி உண்டு: தன் சொந்தத் துயரக் கதையைத் தினமும் அந்நியர்களிடம் சொல்வது ஒரு இருபது வயது இளைஞருக்கு நல்லதா? எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவு முழுக்க அவர் கையில் இருந்தால் அது தன்னம்பிக்கை தரும் வேலை. ‘இன்னும் கொஞ்சம் உருக்கமாகச் சொல்’ என்று யாராவது சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் அது கெட்டுவிடும். பயணிகளும் தோண்டித் துருவிக் கேட்காமல் இருப்பது மரியாதை.

பிள்ளைகளைப் பார்க்க வருவது

இப்போது அந்த நான்காவது. பயணிகளை ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப் போவார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடுவார்கள். பயணிகள் மிட்டாய் கொடுத்து, மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, நன்கொடைப் பெட்டியில் பணம் போட்டுப் போவார்கள். சிலர் இரண்டு வாரம் தங்கி, காசு கொடுத்தே ‘தொண்டு’ செய்துவிட்டுப் போவார்கள். எல்லாருக்கும் நல்ல மனசுதான். விளைவுதான் வேறு.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் கூடியதாக யூனிசெஃப் 2011இல் எடுத்துக்காட்டியது. போரும் பஞ்சமும் முடிந்து வெகுகாலமான பிறகு வந்த பெருக்கம் இது. கூடவே வளர்ந்தது சுற்றுலா. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். உலக அளவில் இது ஐந்தில் நான்கு பேர் என்று சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் தொண்டு அமைப்பு 2009இல் சொன்னது. ஏழ்மையால், படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அனுப்பிவைக்கிறார்கள். பார்க்க வருபவர் கூடக் கூட நன்கொடை கூடுகிறது. நன்கொடை கூடினால் இன்னும் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். தேவைப்பட்டால் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகளை ஏழையாகவே காட்டினால்தான் பணம் வரும் என்பதால், மோசமான நடத்துனர் இல்லத்தை மேம்படுத்தவும் மாட்டார்.

பிள்ளையின் மனதுக்குள் நடப்பது இன்னொரு பக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய அண்ணன், புதிய அக்கா. ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக வருபவரிடம் பார்த்தவுடன் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்!’ என்று பயணிகள் நெகிழ்கிறார்கள். யாரிடமும் நிலையான பற்று உருவாகாத பிள்ளை அந்நியரிடம் தயக்கமில்லாமல் ஒட்டுவது கவலைப்பட வேண்டிய அறிகுறி என்பார்கள் குழந்தை மனநல மருத்துவர்கள். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து இரு தரப்பையும் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பற்றுறவிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பிள்ளைக்கு வேண்டியது நிலையான சில மனிதர்கள், விருந்தாளிகளின் வரிசை இல்லை.

இதை உலகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டு வருகிறது. கம்போடியாவில் தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர் என்ற பிரசாரத்தை 2011இல் தொடங்கியது. இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் இந்த வகைச் சுற்றுலாவின் கேடுகளைக் குறிப்பிட்டது.

‘அப்படியானால் இல்லங்களுக்கு உதவவே கூடாதா’ என்று கேட்பார்கள். உதவலாம், பிள்ளைகளைப் பார்க்கப் போகாமல். கணக்கு எழுதத் தெரிந்தவர் கணக்கு எழுதலாம், மின்வேலை தெரிந்தவர் வயரிங் பார்க்கலாம். அதைவிட நல்லது, பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க அந்தக் குடும்பத்துக்கு உதவும் அமைப்புக்குப் பணம் கொடுப்பது.

பதிவு செய்வதற்கு முன்

ஒரு தொண்டுச் சுற்றுலாவில் சேரும் முன் நான் முதலில் பார்ப்பது, பிள்ளைகளைச் சந்திக்கலாம் என்பதே அதன் விளம்பரமாக இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் மேலே படிப்பதில்லை. அடுத்தது படங்கள். அடையாளம் தெரியும்படி பிள்ளைகளின் முகங்களும், கூடவே பெயரும் சோகக் கதையும் இருந்தால் அந்த அமைப்புக்குப் பாதுகாப்பு விதி இல்லை, அல்லது இருந்தும் பின்பற்றவில்லை என்று அர்த்தம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதையே தடை செய்கிறது. மும்பையின் தாராவியில் 2005இல் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம், மக்கள் வாழும் இடத்தில் படமெடுக்கக் கூடாது என்ற விதியை வைத்திருக்கிறது. லாபத்தில் 80 சதவீதம் சமூகப் பணிக்கு என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. குடிசைப் பகுதிச் சுற்றுலா சரியா என்ற விவாதம் தனி. ஆனால் ஒரு விதியையும் ஒரு விகிதத்தையும் எழுத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

விகிதத்தைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ‘லாபத்தில் ஒரு பங்கு’ என்பதும் ‘வசூலில் ஒரு பங்கு’ என்பதும் வேறு வேறு. லாபமே காட்டாத நிறுவனம் லாபம் முழுவதையும் தருவதாகத் தாராளமாகச் சொல்லலாம். போன ஆண்டு எவ்வளவு பணம், எந்த வேலைக்குப் போனது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒழுங்கான அமைப்பு பதில் அனுப்பும், அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

நீங்களே தொடங்குவதானால்

முதலில் சட்டம். பல நாடுகளில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும், இலவசமாகச் செய்தாலும் சில இடங்களில் வேண்டும். போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் நீங்கள் பயண ஏற்பாட்டாளர் ஆகிவிடுவீர்கள், பொறுப்புகள் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பயணத் தொகுப்பு விதி, லாப நோக்கமில்லாமல் எப்போதாவது ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் நடத்தும் பயணங்களுக்கு விலக்கு தருகிறது. வாரம் தோறும் ஊருக்கெல்லாம் விற்றால் அந்த விலக்கு பொருந்தாது. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேர நடை பொருத்தம். தங்கல் இல்லை, வண்டி இல்லை, சிக்கலும் குறைவு.

காப்பீடு எடுக்காமல் ஒரு நடை கூட நடத்த வேண்டாம். படிக்கட்டில் பயணி ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணம் முழுவதும் அதற்கே போகும்.

பிள்ளைகளோடு நேரடியாகப் பழகப்போகும் தன்னார்வலருக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் இரண்டு பேரின் பரிந்துரையும் கட்டாயம். நகர நடை நடத்துபவர் பிள்ளைகளைச் சந்திக்கப்போவதே இல்லை என்றால் அவருக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. இரண்டு வேலைகளையும் பிரித்து வைப்பதன் இன்னொரு வசதி அது. ‘நான் இவ்வளவு நாள் வழிகாட்டியாக வந்திருக்கிறேன், ஒரு நாள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரட்டுமா’ என்று ஒரு நல்ல தன்னார்வலர் கேட்பார். அவரிடம் இல்லை என்று சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது? 2020இல் உலகச் சுற்றுலாப் பயணிகளின் வருகை, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. பயணிகளை நம்பியிருந்த தொண்டு அமைப்புகளின் வருமானம் அந்த ஆண்டு சட்டென்று வற்றியது. பெருந்தொற்று இல்லாத ஆண்டிலும் சுற்றுலாவுக்குப் பருவம் உண்டு. மழைக்காலத்தில் நடைக்கு ஆள் வரமாட்டார்கள். ஆகவே தினச் சாப்பாடு, ஆசிரியர் சம்பளம் போன்ற நிறுத்த முடியாத செலவுகளைச் சுற்றுலாப் பணத்தில் ஏற்றக் கூடாது. அவை நிலையான நன்கொடையாளர்களின் பணத்தில் நடக்கட்டும். கண்ணாடி வாங்குவது, தேர்வுக் கட்டணம், விடுமுறை முகாம், நூலகத்துக்குப் புத்தகங்கள் மாதிரி ஒரு முறைச் செலவுகளுக்குச் சுற்றுலாப் பணம் பொருந்தும். ஒரு ஆண்டு குறைந்தால் குறைவாகச் செய்யலாம், பாதியில் யாரும் கைவிடப்பட மாட்டார்கள்.

எந்தச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையும் பென்சிலும் தரலாம் என்று அமைப்பு யோசித்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் கேட்கலாம். கேட்டால்தானே தெரியும். முதல் வழிகாட்டி யார், எந்தத் தெரு என்பதையெல்லாம் அதற்கு அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.